முடுக்கமும் முடுக்கும்

நம்ம ஊர்ப் பக்கம் கார் வாங்கப் போறேன்னு சொல்லிப் பாருங்க. முதல் கேள்வி, "மைலேஜ் எத்தன கிட்டும்?" ரெண்டாவது, "வெள்ளை கலர் தானே?" மூணாவது கேள்விக்குள்ள பக்கத்து வீட்டு அண்ணாச்சி தனக்குத் தெரிஞ்ச புரோக்கர் நம்பரைக் கையில கொடுத்திருப்பார். இந்தக் கூட்டத்துல நின்னுக்கிட்டு, "எனக்கு வேகமான கார் வேணும், ஆனா குடும்பமும் ஏறணும்"னு நான் சொன்னேன். "கல்யாணம் ஆச்சு, பிள்ளையும் ஆச்சு. இனி என்னத்துக்கு மக்கா வேகம்?"னு அம்மா ஒரே வரியில ஃபைலை மூடப் பாத்தாங்க. மூட விடல. ஆறு மாசமா திறந்தேதான் கெடக்கு.

முன்கதை கொஞ்சம் சொல்லிடறேன். நான் ஆணி பிடுங்குறது கழக்கூட்டம் டெக்னோபார்க்ல. தங்கமணி, ரெண்டு வயசு மகள், நான் மூணு பேரும் அங்க வாடகை வீட்டுல. அப்பா அம்மா நாகர்கோவில்ல சொந்த வீட்டுல, ஒரு முடுக்குக்குள்ள. (முடுக்குன்னா எங்க ஊர்ல குறுகலான சந்து. இயற்பியல்ல வர்ற முடுக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லன்னு நினைச்சிருந்தேன். கார் தேட ஆரம்பிச்ச பிறகு ரெண்டும் ஒண்ணா வந்து நிக்குது.) அம்மாவுக்கு மாசா மாசம் திருவனந்தபுரத்துல செக்கப். இத்தனை நாளா அப்பாதான் தன்னோட பழைய வாகன் ஆர்ல கூட்டிட்டு வருவார். அப்பா ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், வயசு 64.

அந்த ரோட்டப் பத்திச் சொல்லாம இந்தக் கதை நகராது. கழக்கூட்டத்துல இருந்து காரோடு வரைக்கும் கேரளா பைபாஸ் இருக்கு, கடைசிப் பகுதி கான்கிரீட் ரோடு. வண்டி வழுக்கிட்டு வரும். அதுக்கப்புறம் தமிழ்நாட்டுப் பக்கம் பழைய 47ஆம் நம்பர் ஹைவே. நம்பரை மாத்தி 66ன்னு ஆக்கினாங்களே தவிர ரோடு அதே ரோடு. களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை, வில்லுக்குறின்னு ஊர் விட்டு ஊர் வர்றதுக்கு இடைவெளியே கிடையாது, கடை கடையா ஒட்டிக்கிட்டே வரும். மார்த்தாண்டத்துலயும் பார்வதிபுரத்துலயும் 2018ல மேம்பாலம் வந்து ரெண்டு முடிச்சு அவிழ்ந்தது. நாலு வழிச்சாலை வேலை வருஷக்கணக்கா இழுத்த இழுவையில, நான் ஓட்டிப் பழகினது முழுக்க இந்தப் பழைய ரோட்டுலதான். போற பாதி, வர்ற பாதி, நடுவுல ஒரு கோடு. எதுக்கால கல்லு ஏத்திட்டு கேரளாவுக்குப் போற டிப்பர் லாரி. முன்னால ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்கிற அரசு பஸ். வருஷத்துல ரெண்டு மழைக்காலம் வேற.

இந்த ரோட்டுல ஓவர்டேக் பண்ணணும்னா எங்க அப்பா முதல்ல ஏசிய அணைப்பார். அப்புறம் மூணாவது கியருக்கு இறக்குவார். அப்புறம்தான் இன்டிகேட்டர். சின்ன இன்ஜின் வண்டி வச்சிருக்கிற எல்லாருக்கும் இது தெரியும். ஏசி கம்ப்ரசர் தின்கிற ரெண்டு மூணு குதிரை சக்தி அந்த நேரத்துல தங்கம்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை, அஞ்சு பேரும் வண்டியில இருக்கோம். தக்கலைக்கு முன்னாடி ஒரு பஸ்ஸை அப்பா கடக்கப் போனார். எதுக்கால ரோடு சுத்தமா காலி. ஏசி ஆஃப், மூணாவது கியர், எல்லாம் முறைப்படிதான். பஸ்ஸோட பாதி நீளம் தாண்டும்போது வளைவுல டிப்பர் வந்தது. பஸ் டிரைவர் நல்ல மனுசன், பிரேக் போட்டு வழி விட்டார். அப்பா உள்ள நுழைஞ்சிட்டார். யாருக்கும் ஒரு கீறல் இல்ல. மகள் தூங்கிக்கிட்டே இருந்தா. அப்பா அடுத்த பெட்ரோல் பங்க்ல ஓரங்கட்டி நிறுத்திட்டு, சாவிய என் கையில கொடுத்து, "நீ எடு மக்கா"ன்னார். அதுக்கப்புறம் பார்வதிபுரத்துக்கு மேற்க அவர் வண்டி எடுக்கல. முப்பது வருஷமா ஓட்டுற மனுசன். யாரும் ஒண்ணும் சொல்லல, அவராவே நிறுத்திட்டார். எனக்கு வேகமான கார் வேணும்னு தோணினது அன்னிக்குத்தான்.

நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சதுக்கு இதுவரைக்கும் ஒரு உபயோகமும் இல்லாததால (பொட்டி தட்டுறதுக்கு எதுக்குய்யா பொறியியல்?), ஒரு பேப்பர் எடுத்து கணக்கு போட்டேன். பஸ் 12 மீட்டர் நீளம், 40 கிலோமீட்டர் வேகத்துல போகுது. அதுக்குப் பின்னால 10 மீட்டர், தாண்டினப்புறம் 10 மீட்டர், நம்ம கார் நீளம் 4. ஆக பஸ்ஸை விட 36 மீட்டர் அதிகம் போகணும். அஞ்சு பேர் ஏறின சின்ன வண்டிக்கு அந்த கியர்ல முடுக்கம் நொடிக்கு நொடி 1.2 மீட்டர்னு வச்சுக்குங்க. கடக்க ஏழே முக்கால் நொடி. அதுவே 2.2 இருந்தா அஞ்சே முக்கால் நொடிக்குக் கொஞ்சம் கம்மி.

ரெண்டு நொடிதானேன்னு தோணும். எதுக்கால 50ல ஒரு லாரி வருதுன்னு சேத்துப் பாருங்க. முதல் வண்டிக்கு முன்னாடி 230 மீட்டர் காலியா இருக்கணும். ரெண்டாவதுக்கு 180 போதும். வித்தியாசம் 50 மீட்டர். எல்லாம் தோராயம்தான். ஆனா குழித்துறைக்கும் தக்கலைக்கும் நடுவுல 230 மீட்டர் நேரா கண்ணுக்குத் தெரியுற இடம் எத்தனை இருக்கும்? அந்த ரோட்டுல போனவங்களுக்குத் தெரியும்.

பூஜ்யத்துல இருந்து நூறு எத்தனை நொடிங்கிறது கம்பெனிக்காரன் சொல்ற கணக்கு. நம்ம ரோட்டுல யார் பூஜ்யத்துல இருந்து நூறுக்குப் போறா? காவல்கிணறு தாண்டி 44ஆம் நம்பர் ஹைவே ஏறினா நூறைத் தொடலாம். மிச்சப்படி நமக்கு வேண்டியது 40ல இருந்து 80. அதுக்கு மொத்தக் குதிரை சக்திய விட, கீழ் சுற்றுல எவ்வளவு இழுவிசை கிடைக்குதுங்கிறதுதான் விஷயம். அப்பாவோட வாகன் ஆர் ஒரு லிட்டர் இன்ஜின்ல 90 நியூட்டன் மீட்டர், அதுவும் 3500 சுற்றுல. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா வண்டியில வர்ற 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின்ல 250 நியூட்டன் மீட்டர், 1600 சுற்றுல இருந்தே. டர்போ காத்தை அமுக்கி உள்ள தள்ளுறதால அடியில இருந்தே இழுக்குது. கியர் மாத்தி, ஏசி அணைச்சு, சாமி கும்பிட்டு எல்லாம் போக வேண்டியதில்ல.

சரி, ஆசைன்னு ஒண்ணு இருக்குல்ல? குடும்பமும் ஏறணும், பறக்கவும் செய்யணும்னா இந்தியாவுல அதுக்கு ஒரு பேர் உண்டு, ஆக்டேவியா ஆர்எஸ். 2004ல முதல்ல வந்தப்ப 150 குதிரை. 2017ல 230. 2020ல 245, அதுவும் 200 வண்டி மட்டும். 2025 அக்டோபர்ல 265 குதிரையோட வெறும் 100 வண்டி, விலை கிட்டத்தட்ட 50 லட்சம், வித்தும் போச்சு. டிக்கியில 600 லிட்டர் இடம், பலாப்பழம் அஞ்சாறு போடலாம். ஆனா 50 லட்சத்துக்கு நாகர்கோவில்ல வீடே வாங்கலாம்னு அப்பா சொல்லுவார், நியாயம்தான். காலேஜ் நாள்ல 2016ல போலோ ஜிடிஐ வந்தப்ப அது படத்தை வால்பேப்பரா வச்சிருந்தேன். 192 குதிரை. ஆனா கதவு மூணே மூணு, பின்னாடி டிக்கிக் கதவையும் சேத்து. முன் சீட்டை மடக்கி அம்மாவை பின்னால ஏத்துறதை ஒரு நிமிஷம் கற்பனை பண்ணிப் பாத்தேன். அவ்வ்வ்வ்... வால்பேப்பர் வால்பேப்பராவே இருக்கட்டும்.

கூட்டாளி ஒருத்தன் "எலக்ட்ரிக் எடுலே"ன்னான். அவன் சொல்றதுல அர்த்தம் இருக்கு. மின்மோட்டாருக்கு சுற்று ஏறுற வரைக்கும் காத்திருக்கிற வேலையே கிடையாது, மிதிச்ச உடனே முழு இழுவிசை. 2024 நவம்பர்ல மஹிந்திரா அறிமுகப்படுத்தின எக்ஸ்இவி 9இ, பெரிய பேட்டரி வண்டியில 286 குதிரை. நூறைத் தொட 6.8 நொடின்னு கம்பெனி சொல்லுது. பெரிய டிக்கி. முப்பந்தல்ல அத்தனை காத்தாடி சுத்துற மாவட்டத்துல கரண்ட்ல ஓடுற காரு வச்சிருக்கிறதும் ஒரு அழகுதான். ஆனா அகலம் 1.9 மீட்டர். டேப்பை எடுத்துட்டு முடுக்குக்குள்ள இறங்கினேன். எதிர்வீட்டு வாசல்படி நீட்டிட்டு இருக்கிற இடத்துல 2 மீட்டர் 20. கண்ணாடிய மடக்கினா ரெண்டு பக்கமும் 15 சென்டிமீட்டர் மிஞ்சும். அதுல தினம் வண்டி ஏத்துறதுக்கு நான் சர்க்கஸ்ல சேர்ந்திருக்கலாம். முடுக்கம் ஜெயிச்சுது, முடுக்கு தோக்கடிச்சுது.

ஆக 1.76 மீட்டருக்குள்ள அகலம், டர்போ இன்ஜின், இருபது லட்சத்துக்குள்ள. அப்ப வெர்டஸ் ஜிடி. 150 குதிரை, டிக்கி 521 லிட்டர், தாழ்வா நீளமா பாக்கவே ஒரு சிறுத்தை மாதிரி. ஆடிக் காத்துல ஆரல்வாய்மொழி கணவாயைத் தாண்டும்போது வாகன் ஆர் மாதிரி உசரமான வண்டி எப்படி ஆடும்னு போனவங்களுக்குத் தெரியும். இது தரையோட ஒட்டி நிக்கும். டெஸ்ட் டிரைவுக்கு எல்லாரையும் கூட்டிட்டுப் போனேன். நான் ஓட்டினேன், சிரிச்ச வாய மூடல. திரும்ப ஷோரூம்ல வந்து நின்னப்ப எல்லாரும் இறங்கியாச்சு, அம்மா இறங்கல. இறங்க முடியல. மூட்டு வலி இருக்கிறவங்களுக்கு தாழ்வான சீட்டுல உக்காருறது சுலபம், எந்திரிக்கிறதுதான் பாடு. கதவு விளிம்பைப் பிடிச்சு, தங்கமணி தோளைப் பிடிச்சு, எந்திரிச்சதும் "வண்டி கொள்ளாம் மக்கா"ன்னாங்க. எனக்காகச் சொன்னாங்கன்னு பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ், கொஞ்சம் உசரமான உடம்பு: டைகுன். அம்மா இடுப்பு உசரத்துக்கு சீட்டு வருது. ஏறவும் வேண்டாம் இறங்கவும் வேண்டாம், திரும்பி உக்காந்தா போதும். தரையில இருந்து 188 மில்லிமீட்டர், நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கருக்குக் கவலை இல்ல. டிக்கி 385 லிட்டர் தான். வளைவுல சிறுத்தை மாதிரி ஒட்டாது, கொஞ்சம் சாயும். 2022ல குளோபல் என்கேப் பரிசோதனையில பெரியவங்களுக்கும் குழந்தைகளுக்கும் அஞ்சுக்கு அஞ்சு நட்சத்திரம் வாங்கின வண்டி. அந்தக் குழந்தைக்கான நட்சத்திரம்தான் எனக்கு முக்கியம். ஒரு குறை: 2021ல வந்தப்ப பின் சக்கரத்துக்கு டிரம் பிரேக்தான் கொடுத்தாங்க. இந்த வேகம் போற வண்டிக்கு நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் கொடுத்திருக்கலாம். அப்பா கேட்ட மைலேஜ் கேள்விக்கு மட்டும் ஒரு நல்ல பதில் இருந்துச்சு. மெதுவா போகும்போது நாலு சிலிண்டர்ல ரெண்டு தானா அணைஞ்சுக்கும். "நம்ம ஏசி மாதிரியா?"ன்னார். கிட்டத்தட்ட.

கார் முடிவாச்சுன்னு நினைச்சா சண்டை அதுக்கப்புறம்தான். குழந்தைக்குத் தனி சீட்டு வாங்கணும்னேன். "பிள்ள என் மடியில இருந்தா போதாதா? நீயும் இப்படித்தானே வளந்த?"ன்னு அம்மா. அப்பாவுக்கு பேத்திய முன் சீட்டுல மடியில வச்சு லாரிக்கெல்லாம் டாட்டா காட்டணும். சட்டம் பேசிப் பாத்தேன். 2019ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தினப்ப, 14 வயசுக்குள்ள உள்ள குழந்தைக்கு பெல்ட்டோ குழந்தை சீட்டோ கட்டாயம், இல்லன்னா ஆயிரம் ரூபா அபராதம்னு வந்தாச்சு. "ஆயிரம் ரூபா நான் தாறேன்"னு அம்மா. எங்கம்மாகிட்ட சட்டம் பேசி ஜெயிச்சவங்க இன்னும் பிறக்கல.

அப்புறம் கணக்கு வாத்தியார்கிட்ட கணக்காவே போனேன். அம்பதுல போற வண்டி எதுலயாவது மோதி பத்துல ஒரு நொடியில நின்னா, 12 கிலோ பிள்ளை அந்த நேரத்துல சுமார் 170 கிலோ விசையில முன்னால பாயும். ரெண்டு பெரிய ஆள் கனம். யார் கை தாங்கும்? முன் சீட்டுல மடியில இருந்தா எதுக்கால ஏர்பேக் வேற வெடிச்சு வரும். அது பெரிய ஆளுக்காக செஞ்சது. 2022 செப்டம்பர்ல சைரஸ் மிஸ்திரி போனது எந்த வண்டியில? பென்ஸ் கார்ல. பின் சீட்டுல பெல்ட் போடாம. அப்பா கொஞ்ச நேரம் பேப்பரையே பாத்துட்டு இருந்தார். பத்துல ஒரு நொடிய பத்துல ரெண்டுன்னு மாத்திப் போட்டுப் பாத்தார். அப்பவும் 85 கிலோ. "சீட்ட வாங்கு"ன்னார். அம்மா அன்னிக்கு ராத்திரி என்கிட்ட பேசல. மறுநாள் பேத்தி அந்த சீட்டுல அழாம இருப்பாளான்னு மட்டும் கேட்டாங்க. நியாயமான கேள்வி, என்கிட்ட பதில் இல்ல.

அந்தப் பேப்பரோட மறுபக்கத்துல என்னோட ஓவர்டேக் கணக்கும் இருந்தது. அதையும் அப்பா திருப்பிப் பாத்தார். ஒவ்வொரு வரியா விரல் வச்சு சரி பாத்துட்டு, "பத்து மீட்டர் இடைவெளி மழையில காணாது"ன்னார். அப்புறம், "லே மக்கா, இந்த அம்பது மீட்டர நீ பேங்க்ல போடப் போறியா, செலவு செய்யப் போறியா?"

எனக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆச்சு. வாகன் ஆர்ல 230 மீட்டர் தெரியலன்னா ஏற மாட்டோம். புது வண்டியில 180 போதும்னு தெரிஞ்சதும் 180 இருக்கிற இடத்துல எல்லாம் ஏறுவோம். அப்ப அந்த அம்பது மீட்டர் எங்க போச்சு? வண்டிக்கு லட்ச லட்சமா கொடுத்து வாங்கின மிச்சத்தை அதே ரோட்டுல விட்டெறிஞ்சாச்சு. சந்தேகம் இருந்தா தக்கலையில பத்து நிமிஷம் நில்லுங்க. ஆபத்தா ஏறிப்போற வண்டியில எத்தனை சின்ன வண்டி, எத்தனை பெரிய வண்டின்னு எண்ணிப் பாருங்க. இன்ஜின் பெருசாகப் பெருசாக பொறுமை குறையுது.

அதனால இப்ப வீட்டுல ஒரு ஒப்பந்தம். புது வண்டி வந்தாலும் 230 மீட்டர் தெரிஞ்சாதான் ஏறணும். இது எனக்கும் தங்கமணிக்கும் அப்பாவுக்கும் பொது. அப்பாவுக்கும்னு நான் சொன்னதும் அவர் நிமிந்து பாத்தார். "நான் எங்க ஓட்டப் போறேன்"ன்னார். அடுத்த வாரம் ஒரு பழைய டைகுனை ஓட்டிப் பாக்க அவரையும் கூட்டிட்டுப் போனேன். சாவிய நீட்டினேன். சுங்கான்கடை வரைக்கும் போயிட்டு வந்தார். ஒரு பஸ்ஸை கடந்தார், நேர் ரோட்டுல, நல்ல இடைவெளியில. கடக்கறதுக்கு முன்னாடி இடது கை தானா ஏசி பட்டனைத் தேடிப் போச்சு. தேடிட்டு சும்மா திரும்பி வந்துச்சு. இறங்கினப்புறம் அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல, டயர்ல இருக்கிற நாலு இலக்கத்தைக் குனிஞ்சு படிச்சுட்டு இருந்தார். (முதல் ரெண்டு இலக்கம் வாரம், அடுத்த ரெண்டு வருஷம். பழைய வண்டி பாக்கப் போறவங்க மறக்காம பாருங்க. ரப்பர் வயசானா மழை ரோட்டுல எந்த இன்ஜினும் காப்பாத்தாது.)

இப்ப என் முன்னாடி ரெண்டு வண்டி இருக்கு. ரெண்டும் 2023 மாடல் டைகுன் ஜிடி. ஒண்ணு நாகர்கோவில்ல, நம்ம டி.என். 74 நம்பர், கையால மாத்துற ஆறு கியர், 31 ஆயிரம் கிலோமீட்டர் ஓடினது. இன்னொண்ணு திருவனந்தபுரத்துல, ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக், கம்மியா ஓடினது. ஆனா கேரளா நம்பர். என்.ஓ.சி. வாங்கணும், இங்க ஆயுள் வரிய திரும்பக் கட்டணும், அங்க கட்டினதைத் திருப்பிக் கேட்டு நடக்கணும். தங்கமணிக்கு கிளட்ச்னாலே ஆகாது, அவங்க ஓட்டு ஆட்டோமேட்டிக்குக்கு. அப்பாவோட இடது முட்டியும் அதே கட்சி. எனக்கு என்ன பயம்னா, அந்த டிஎஸ்ஜியில ரெண்டு கிளட்சும் எண்ணெயில நனையாத உலர் வகை. நெரிசல்ல ஊர்ந்துக்கிட்டே போனா சூடாகும்ங்கறாங்க. நம்ம ரோட்டுல ஊர்றதைத் தவிர வேற என்ன இருக்கு?

மார்த்தாண்டத்துலயோ களியக்காவிளையிலயோ சாயங்காலம் ஆறு மணிக்கு இந்த வண்டிய உருட்டின அனுபவம் யாருக்காவது இருந்தா ஒரு வார்த்தை சொல்லுங்க மக்களே. நாகர்கோவில்காரர் ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் காத்திருப்பாராம் :-)